மிசினுக்குக் கிடைத்த ஐயா

1

கந்தவனத்தாரின் வீட்டை விட்டு இறங்கி மூன்றாவது பஸ் தரிப்பிடத்தையும் கடந்த பிறகுதான், குடையை அங்கேயே விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. தூறிக்கொண்டிருந்தது. திரும்பிப் போய் எடுக்கிற எண்ணம் எனக்கு இல்லை. கழுத்தில் தொங்கிய அட்டையைக் கழற்றி ஜாக்கெட் பைக்குள் போட்டேன். ‘மொழி உதவியாளர்’ என்று அதில் டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், எழுதியிருந்தது. அதற்குக் கீழே என் பெயர், அதோடு ஒட்டியபடி என் அப்பாவின் பெயர்.

போன் அதிர்ந்தது. லேனா. நான் எடுக்கவில்லை.

ஜேர்மனிக்கு வந்த இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ வேலைகளை விட்டிருக்கிறேன். ஹோட்டலில் கோப்பை கழுவினேன், கோழிப் பண்ணையில் நின்றேன், பழைய கட்டடம் உடைக்கப் போனேன். முதுகு நொந்து விட்டது சில, சும்மா அலுத்துப்போய் விட்டது பல. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு ஒரே இடத்தில் இருக்கப் பழக்கமில்லை. ஆனால் பேனையை மேசையில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் எழும்பி நடந்தது இதுதான் முதல் தடவை. ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் கோடை முடியும்வரை அந்த வேலை இருந்திருக்கும். அந்தக் கையெழுத்தை ஏன் போடவில்லை என்பதைத்தான் எழுதுகிறேன். கிளிநொச்சியில் இருந்து வாசிக்கிற உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு அப்படி இல்லை.

2

இந்த நகரத்தில் தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு வீட்டு உதவி ரோபோ கொடுத்துப் பார்க்கிறார்கள். இடுப்பளவு உயரம், வெள்ளை நிறம், கீழே சில்லு, முன்னால் ஒரு தட்டு, பக்கத்தில் ஒற்றைக் கை. தண்ணீர்ப் போத்தலைக் கொண்டுவரும், விழுந்த கைத்தடியை எடுத்துத் தரும், மருந்துக் குளிசை நேரத்துக்கு வந்து நிற்கும். அதை எந்த வழியால் நடத்துவது வயதானவர்களுக்குப் பிடிக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் ஆய்வு நடத்தும் லேனாவின் வேலை. கண்ணாடித் திரையைத் தொடுவதா, கழுத்தில் மாட்டும் பொத்தானா, கைச்சாடையா, குரலா. நான்கு பெட்டிகள், ஒன்றில் சரி போடவேண்டும். டொச் தெரியாத தமிழர்கள் மூன்று பேர் சேர்ந்திருந்ததால் ஆள் பிடிக்கும் நிறுவனம் ஒன்று என்னை அனுப்பியது. மணிக்கணக்குச் சம்பளம்.

முதலாமவர் கனகராயன்குளத்து அம்மா. அவருக்கு நான்கு பெட்டியும் பிடிக்கவில்லை. “ஒருத்தருக்கு வேலை சொல்ல எனக்குக் கூச்சமாக் கிடக்கு தம்பி. அது தானாப் பாத்துச் செய்யட்டும், இல்லாட்டி ஒரு மூலையில இருக்கட்டும்” என்றார். ரோபோ தண்ணீர் எடுக்கக் குசினிக்குப் போனால் இவரும் பின்னால் போய்த் தானே எடுத்துவந்துவிடுவார். ‘ஒத்துழைப்புக் குறைவு’ என்று லேனா எழுதினாள். அப்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆயுள் முழுக்க வேலை சொல்லக் கேட்டவர், வேலை சொல்ல விரும்பவில்லை என்பதற்கு ஐந்தாவது பெட்டி ஒன்று போட யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டாமவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாமவர் கந்தவனத்தார். எண்பத்து நான்கு வயது. மகளோடு இருக்கிறார், மகள் காலையில் வேலைக்குப் போனால் இருட்டும்போதுதான் வருவார். வீட்டுக்குள் போய்க் கதிரையில் உட்கார்ந்ததும், “தம்பி எவடம்?” என்று கேட்டார். வழக்கமாக எல்லோரும் கேட்பதுதான்.

“ஜெயபுரம் பக்கம் ஐயா.”

“அப்பிடியோ. நாங்கள் ஸ்கந்தபுரம். குளத்துத் தண்ணிக்குக் கீழ பதினெட்டு ஏக்கர் செய்தனாங்கள்.”

அவர் சொல்லுமுன்னரே எனக்குத் தெரியும். கதவு திறந்தபோதே அந்த மூக்கையும் நெற்றியையும் கண்டுவிட்டேன். நான் பிறந்தது அந்தப் பதினெட்டு ஏக்கரின் விளிம்பில், வாய்க்கால் கரையில் இருந்த குடிசையில். ஜெயபுரத்தில் எங்களுக்கென்று காணி கிடைத்தது பிறகு. என் அப்பா பதினேழு வருடம் அவருடைய வயலுக்குத் தண்ணீர் கட்டினார்.

நான் சொல்லவில்லை. சொன்னால் ‘தம்பி’ போய்விடும், ‘நீங்கள்’ போய்விடும் என்று தெரியும். மகள் எனக்கும் அவருக்கும் ஒரே மாதிரிக் கோப்பையில் கோப்பி வைத்துவிட்டுப் போனார். அதைக் குடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அந்த வளவில் அப்பாவுக்குத் தேத்தண்ணி ஊற்றும் தகரப் பேணி வேலிக் கதியால் தடியில்தான் கொளுவியிருக்கும்.

3

என் அப்பாவின் பெயர் முத்தையா. மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். இனக்கலவரத்தில் லயன் வீடுகள் எரிந்தபோது ஒரு பாயும் ஒரு சட்டியுமாக வன்னிக்கு வந்தவர்களில் ஒருவர். வன்னியில் எங்களைப் போல வந்தவர்களின் பெயர்களுக்கு ஒரு வெட்டு விழும். ராமையா ராமன் ஆவார். கருப்பையா கருப்பன் ஆவார். முத்தையா முத்தன் ஆனார். ‘ஐயா’ என்பது காணி வைத்திருப்பவர்களைக் கூப்பிடும் சொல். அதை ஒரு கூலிக்காரனின் பெயருக்குள் வைத்துக் கூப்பிட அவர்களுக்கு வாய் வராது. கந்தவனத்தாரை விட அப்பா ஆறு வயது மூத்தவர். அப்பா அவரை ‘ஐயா’ என்பார். அவர் அப்பாவை ‘முத்தன்’ என்பார்.

கூப்பிடுகிற விதம் இன்னும் என் காதில் இருக்கிறது. கந்தவனத்தார் வளவு வாசல் படலையில் நின்றபடி ஒரே ஒரு தடவைதான் கூப்பிடுவார். இரண்டாம் தடவை கூப்பிட வேண்டிய தேவை ஒருநாளும் வந்ததில்லை. மூன்று வயல் தள்ளி, முழங்கால் சேற்றில் வரம்பு கட்டிக்கொண்டிருக்கும் அப்பா மண்வெட்டியை அப்படியே குத்திவிட்டு வருவார். சோற்றில் கை வைத்திருந்தாலும் வருவார். காய்ச்சலில் படுத்திருந்தாலும் வருவார்.

பிறகு ஒருநாள் அந்த வெட்டு என்னையும் தேடி வந்தது. இங்கே குடியுரிமைக்கு விண்ணப்பித்தேன். என் கடவுச்சீட்டில் தந்தை பெயர் முத்தையா. பிறப்புச் சான்றிதழில் முத்தன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “நீங்கள் இதில் யாருடைய மகன்?” என்று கேட்டாள். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டாள். பதிவுத் தாளில் தகவல் கொடுத்தவர் யார் என்று பார்த்தேன். அப்பாவின் கைநாட்டு. என் பிறப்பைப் பதியப் போன இடத்தில், பெயர் என்ன என்று கேட்க, முத்தன் என்று அவரே சொல்லியிருக்கிறார். அவ்வளவு காலம் கேட்டுக் கேட்டு, சொந்தப் பெயரே அவருக்கு அப்படி ஆகிவிட்டது.

முத்தன் என்பவரும் முத்தையா என்பவரும் ஒரே ஆள் என்று ஒரு கடிதம் எடுக்க, ஜெயபுரத்தில் இருக்கும் அண்ணன் பதினொரு மாதம் கந்தோர் கந்தோராக அலைந்தான். முத்திரை குத்திய அந்தத் தாள் வந்தபோது அப்பா உயிரோடு இல்லை. ஆனால் அன்றிலிருந்து இந்த நாட்டில் என் பெயர் அவர் பெயர்தான். இங்கே குடும்பப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். டொக்டரிடம் போனாலும், போஸ்ட் ஒபீசில் நின்றாலும், வேலைத்தலத்திலும் ‘ஹெர் முத்தையா’. லேனா மட்டும்தான் என் முதல் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். ஹெர் என்றால் மரியாதை. ஊரில் தன் பெயரிலிருந்த மரியாதையை இழந்த மனிதருக்கு, அவர் ஒருநாளும் காணாத ஒரு நாட்டில் இரட்டை மரியாதை. ஒவ்வொரு முறையும் நான் டக்கென்று எழும்புவேன். அவருக்குப் பதிலாக எழும்புகிறேன் என்று நினைத்துக்கொள்வேன்.

4

கந்தவனத்தாருக்கு ரோபோவைக் காட்டிய முதல் நாள் கண்ணாடித் திரை சரிவரவில்லை. மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரல் இல்லை அது. ஆனால் வயதில் வறண்டு போயிருந்தது. திரை அதை ஒரு விரலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் நாள் பொத்தானைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். “என்ன தம்பி இது, மணி கட்டுறியளோ? நான் என்ன எருமையோ?” என்றார். லேனா என்னைப் பார்த்தாள். “பிடிக்கவில்லை” என்று மொழிபெயர்த்தேன். கைச்சாடையில் பெரிய கூத்து. நாங்கள் கூப்பிடுகிற மாதிரி உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து விரல்களை ஆட்டினார். ரோபோ பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டது.

“வா எண்டுறன், உது ஓடுது. வெள்ளைக்காரன்ட கைதான் உதுக்கு விளங்கும்.”

நானும் சிரித்தேன். மனிதர் பகிடிக்காரர். அதை மறைக்கவேண்டியதில்லை.

நான் எழும்பி வந்த அன்று குரல். ரோபோவுக்கு ஒரு பெயர் வைத்து, அதோடு வா, போ, நில், எடு என்று சில சொற்களை அவரவர் குரலில் பதிந்தால் அது கேட்கும். “அவருக்குப் பிடித்த பெயர் எதுவும் வைக்கலாம்” என்றாள் லேனா. நான் சொன்னேன். கந்தவனத்தார் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

“முத்தன்.”

லேனா எழுதிக்கொண்டே, “என்ன அர்த்தம்?” என்று கேட்டாள். நான் கேட்பதற்கு முன் அவரே சொல்லத் தொடங்கினார்.

“ஊரில எங்களிட்ட வேலைக்கு நிண்டவன். அவனைப் போல ஒருத்தன் இல்லை. ஒருக்காக் கூப்பிட்டாக் காணும், வந்து நிப்பான். ஏன் எண்டு கேக்கமாட்டான். இந்த மிசின் வாறதுக்கு முதல் ‘நான் வரலாமா’ எண்டு கேக்குது. அந்தக் கேள்வி எனக்குத் தேவையில்லை எண்டு பிள்ளைக்குச் சொல்லுங்கோ.”

சொன்னேன். சொல்லுக்குச் சொல் சொன்னேன், அதுதானே என் வேலை. லேனாவுக்குப் பெரிய சந்தோஷம். “மிகத் தெளிவான விருப்பம்” என்றாள்.

ஆனால் ரோபோ அசையவில்லை. அவர் நான்கு தடவை முத்தன் என்றார். அது விளக்கைக்கூடப் போடவில்லை. சொல் மிகக் குறுகியதாம். இன்னும் கொஞ்சம் நீளமான பெயர் வேண்டும் என்றாள் லேனா. தப்பினோம் என்று நினைத்தேன். அவருக்கு அதைச் சொன்னேன்.

“அப்ப முத்தையா எண்டு வையுங்கோ. அதுதானே அவன்ட முழுப்பேர்.”

அவருக்குத் தெரிந்திருக்கிறது. பதினேழு வருடமும் தெரிந்திருக்கிறது.

பிறகு நடந்ததை எழுதுவது கஷ்டம். கந்தவனத்தார் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, படலையில் நின்று கூப்பிட்ட அதே குரலில் “முத்தையா” என்று கூப்பிட்டார். மூலையில் இருந்த மிசின் நீல விளக்குப் போட்டு உருண்டு வந்தது. அதே நேரம் நானும் எழும்பி நின்றேன். எழும்பவேண்டும் என்று நினைக்கவில்லை, கால் எழும்பிவிட்டது. அறைக்கு நடுவில் நானும் மிசினும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம், என்ன வேலை என்று கேட்கிற மாதிரி.

லேனா படிவத்தையும் என் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். “இது உங்கள் குடும்பப் பெயர் அல்லவா? எவ்வளவு அழகான தற்செயல்” என்றாள்.

எனக்குக் கோபத்தைச் சொல்ல டொச்சில் நல்ல சொல் இல்லை. தெருச் சண்டையில் படித்த சொல் ஒன்று உண்டு, அதை அவளிடம் சொல்ல முடியாது. “எனக்குச் சுகமில்லை” என்றேன். அவள் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். பிறகு படிவத்தை நீட்டினாள். பங்கேற்பாளர் இந்தப் பெயரையே விரும்பினார் என்று மொழி உதவியாளர் கையெழுத்து வைத்தால்தான் அது பதிவாகும். அப்பாவின் பெயரை மிசினுக்கு எழுதிக்கொடுத்து, அதற்குக் கீழே அப்பாவின் பெயரையே நான் கையெழுத்தாகப் போடவேண்டும்.

பேனையை வைத்துவிட்டு இறங்கினேன்.

5

ஆற்றுப் பாலத்தில் போன் மறுபடி அதிர்ந்தது. இந்த முறை எடுத்தேன். ஒரு கையெழுத்துத்தானே, நாளைக்கு வந்தாலும் பரவாயில்லை என்றாள் லேனா. பெயரை மாற்றச் சொன்னேன். “பங்கேற்பாளரின் விருப்பத்தை நாங்கள் மாற்ற முடியாது, அதற்குத்தானே இந்த ஆய்வு” என்றாள். யார் வேலை சொல்கிறாரோ அவருடைய விருப்பத்துக்குத்தான் படிவம் இருக்கிறது. பெயர் யாருடையதோ அவரிடம் கேட்கப் படிவம் இல்லை. இதை டொச்சில் பாதிதான் சொன்னேன். அவள் போனைக் கந்தவனத்தாரிடம் கொடுத்தாள்.

“என்ன தம்பி, சொல்லாமல் எழும்பிப் போட்டியள்? குடையும் கிடக்கு. இந்தப் பிள்ளை கையெழுத்தெண்டு அந்தரப்படுது.”

“அந்தப் பேரை மாத்துங்கோ.”

“ஏன், அதுக்கென்ன?”

“அது என்ர அப்பான்ர பேர்.”

“முத்தையா எண்டு ஊரில எத்தினை பேர் தம்பி.”

“உங்கட பதினெட்டு ஏக்கருக்கும் தண்ணி கட்டின முத்தையா.”

பிறகு அவருடைய குரல் மாறியது. கோபமாக மாறவில்லை, சந்தோஷமாகத்தான் மாறியது. அதுதான் எனக்கு அதிகம் பட்டது.

“எட, முத்தன்ட பெடியனோ நீ? மூத்தவனோ, வாய்க்காலுக்க விழுந்து எழும்பிற சின்னவனோ?”

“சின்னவன்.”

“பாரன், ஒரு கிழமையா வந்து போறாய், வாயைத் திறக்கேல்லை. கள்ளன். உன்ர கொப்பனை நினைச்சுத்தானே அந்தப் பேரை வைச்சனான்.”

“இருக்கேக்க ஒருநாளும் முத்தையா எண்டு கூப்பிடேல்லையே.”

“அந்தக் காலம் எல்லாரும் அப்பிடித்தானே கூப்பிட்டது. நான் மட்டுமே?” என்றார். பிறகு, “உதை விடு. ஒண்டு சொல்லுறன் கேள். இந்த மிசினுக்குக் கஞ்சி வைக்கத் தெரியாது. நீயே வந்து நில்லன். மகளிட்டச் சொல்லிச் சம்பளம் போடுவிக்கிறன். கூப்பிட்ட குரலுக்கு உன்ர கொப்பன் மாதிரி...”

பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கீழே ஒரு படகு போனது.

“மிசினுக்கு வேறை பேர் சொல்லுறன், வையுங்கோ” என்றேன். “உங்கட அப்பான்ர பேரை வையுங்கோ. வைச்சிட்டு, வா, போ, நில் எண்டு சொல்லுங்கோ.”

“என்ன விசர்க் கதை கதைக்கிறாய்? அப்புவின்ர பேரை ஆரும் மிசினுக்கு வைப்பினமோ?”

அவர் பக்கத்தில் மிசினின் சில்லு உருளும் சத்தம் மட்டும் கேட்டது. அவருடைய மூச்சும் கேட்டது. நான்தான் போனை வைத்தேன். அந்தப் பேச்சு முழுவதிலும் அவரை ஐயா என்று நான் கூப்பிடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

6

வீட்டுக்கு வர நனைந்து போனேன். என் மகள் பள்ளிக்கூடத்தால் வந்திருந்தாள். பதினேழு வயது. அவளுக்கும் அதே குடும்பப் பெயர்தான், ஆனால் கூட்டாளிகளுக்கு நீளம் என்று அதை ‘முத்’ ஆக்கிவிட்டாள். வாசல் மணிக்குப் பக்கத்தில்கூட அப்படித்தான் எழுதி ஒட்டியிருக்கிறாள். ஒட்டிய அன்று நான் கத்தினேன். ஏன் என்று கேட்டாள். சொல்லவில்லை.

அன்று சொன்னேன். படலை, வாய்க்கால், பேணி, கைநாட்டு எல்லாம். பாதித் தமிழும் பாதி டொச்சுமாகச் சொன்னேன். அவள் முழு டொச்சில் கேள்வி கேட்டாள். “அவரை ஏன் தாத்தா ஒருநாளும் திருத்தவில்லை?” என்றாள். வேலைக்கு நிற்கிறவன் முதலாளியைத் திருத்துவதில்லை என்று சொன்னேன். “அப்போ நீங்கள் இன்று திருத்தினீர்களா?” என்றாள். தெரியாது என்றேன்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது லேனாவிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. மகள்தான் வாசித்துச் சொன்னாள். பங்கேற்பாளர் தன் விருப்பத்தை மாற்றிக்கொண்டுள்ளார். குரல் வேண்டாம், பெயர் வேண்டாம், கழுத்துப் பொத்தானே போதும் என்கிறார். ஆகவே என் கையெழுத்து தேவையில்லை. இனி நான் வரவும் தேவையில்லை. குடையை ஆய்வு நிலையத்து வரவேற்பு மேசையில் எடுத்துக்கொள்ளலாம். மாற்றத்துக்கான காரணமாக, ‘வயது முதிர்வினால் குரல் தெளிவின்மை’ என்று படிவத்தில் குறித்திருக்கிறாளாம்.

குரல் தெளிவில்லையாம். மூன்று வயல் தாண்டிக் கேட்ட குரல் அது. நாளைக்கு அந்தப் படிவத்தைக் கூட்டிக் கழித்து, வயதானவர்களுக்குப் பேசி நடத்துவதை விடப் பொத்தான்தான் பிடிக்கிறது என்று எங்கோ எழுதுவார்கள். ஒரு மனிதர் எருமை மணி என்று சொன்னதை ஏன் தன் கையால் எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார் என்று கேட்க ஒருவரும் வரமாட்டார்கள். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்பார் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. கோபம் இதை எழுதும்போதும் அப்படியே இருக்கிறது. ஆனால் இனி அந்தப் பெயரைக் கூப்பிட்டால் அங்கே ஒன்றும் உருண்டு வராது.

7

அடுத்த நாள் விடிய, முதியோர் இல்லங்களின் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் ஒரு பெரிய சலவைக்கூடத்துக்குப் போனேன். ஆள் எடுக்கிறார்கள் என்று பஸ்ஸில் ஒருவர் முன்பே சொல்லியிருந்தார். மேற்பார்வைப் பெண் தாளைப் பார்த்து என் குடும்பப் பெயரின் முதல் பாதியை வாசித்து நின்றாள்.

“நீளமாக இருக்கிறதே. சுருக்கிக் கூப்பிடலாமா?”

“இல்லை,” என்றேன். “முழுதாகச் சொல்லவேண்டும்.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தாளைக் கிட்டப் பிடித்து, எழுத்தெழுத்தாக, பிழையில்லாமல் சொன்னாள்.

“ஹெர் முத்தையா.”

நான் டக்கென்று எழும்பவில்லை. கொஞ்சம் இருந்து, ஆறுதலாக எழும்பி, “ஓம்” என்றேன். தமிழில்தான் வாயில் வந்தது. அவள் அர்த்தம் கேட்கவில்லை. ஈர விரிப்புகள் நிறைந்த வண்டியைக் காட்டினாள். தள்ளத் தொடங்கினேன்.